சின்னக் கோப்பைக் கடை

2023ஆம் ஆண்டு, ஐந்து நாள் பயிற்சிப்பட்டறை ஒன்றுக்காக பாங்கொக் நகருக்குப் போயிருந்தேன். நான்கு நாட்களும் ஹோட்டலுக்குள்ளேயே கூட்டம், ஹோட்டலுக்குள்ளேயே சாப்பாடு. ஐந்தாம் நாள் மத்தியானம் எல்லாம் முடிந்தபின், எங்களோடு இருந்த தாய்லாந்துத் தோழி ஒரு துண்டுக் கடதாசியில் தன் மொழியில் இரண்டு வரி எழுதித் தந்தார். முதல் வரி, போக வேண்டிய இடம். இரண்டாவது வரி, "இரத்தம் போட வேண்டாம்."

தோழியர் முகம் சுளிப்பது தெரிகிறது. பொறுங்கள், சொல்கிறேன்.

தூண்களின் மேல் ஓடும் ரயிலில் ஏறி, வெற்றிச் சின்னம் என்ற இடத்தில் இறங்கினேன். 1940 - 41இல் பிரெஞ்சுக்காரரோடு நடந்த எல்லைப் போரின் நினைவாக 1941 - 42இல் கட்டிய தூண் அது. துப்பாக்கி முனையில் செருகும் கத்திகள் ஐந்தைச் சேர்த்து நிறுத்தியதுபோல் இருக்கும். இறந்த வீரர்களின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் சுற்றிவர பஸ்ஸுக்கு நிற்கும் சனத்தில் அண்ணாந்து பார்ப்பவர் ஒருவரையும் காணவில்லை. நான் மட்டும் சற்று நேரம் நின்றேன். பெயர் வெட்டிய கல் என்றால் எங்களுக்குக் கால் தானாக நின்றுவிடும்.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு வாய்க்கால். அதன் கரையில் வரிசையாக நூடில்ஸ் கடைகள். 'குவைதியாவ் ருவா' என்கிறார்கள். படகு நூடில்ஸ் என்று பொருள். பாங்கொக்கில் வாய்க்கால்களே தெருக்களாக இருந்த காலத்தில் இதைப் படகில் வைத்து விற்றார்கள். துடுப்புப் போடுவது, அடுப்பைப் பார்ப்பது, கோப்பையை எட்டிக் கொடுப்பது, காசு வாங்குவது, கழுவுவது எல்லாம் ஒரே ஆள். ஆடும் படகிலிருந்து பெரிய கோப்பையை நீட்டினால் சுடுசூப் கையில் ஊற்றும். அதனால்தான் கோப்பையைச் சின்னதாக வைத்தார்கள் என்று சொல்வார்கள். பின்னாளில் வாய்க்கால்கள் பல தூர்ந்தன, விற்றவர்கள் கரையேறினார்கள். கோப்பை மட்டும் பெருக்கவில்லை.

கடைக்குள் சனநெரிசல். தனியே வந்த ஒரு பெண் என்று யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையிலும் ஒரு பெண் தனியாகத்தான் இருந்து சாப்பிட்டார். (நானோ எங்கள் ஊர்க் கடையில் தனியே இருந்து ஒரு பிளேன்ரீ குடித்ததில்லை.) அடுப்படியில் வயதான ஓர் அம்மா நின்றார். பிடி வைத்த கம்பிக் கூடையில் ஒரு கைப்பிடி அரிசி நூடில்ஸையும் நாலு கங்குன் தண்டையும் போட்டுக் கொதிநீரில் அமிழ்த்தி எடுத்தார். கோப்பையில் கொட்டி, இறைச்சித் துண்டு வைத்து, மேலே ஒரு அகப்பை சூப். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சூப்பைத் தடிப்பாக்கத்தான் பன்றி அல்லது மாட்டு இரத்தம் சேர்ப்பார்கள். ஆட்டு இரத்த வறை தின்று வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் கடதாசியை நீட்டிவிட்டேன். அம்மா வாசித்துச் சிரித்தார். எங்களோடு வந்த புத்தளத்துச் சகோதரி இங்கே வரவில்லை. பிறையும் நட்சத்திரமும் போட்ட வண்டில் ஒன்றில் அவர் கோழி நூடில்ஸ் சாப்பிட்டார்.

கோப்பை என் உள்ளங்கைக்குள் அடங்கியது. நாலு வாய்தான். அன்று விலை 18 பாத். எங்கள் காசில் 170 ரூபாவுக்குக் கிட்ட. மேசையில் மீன் சோஸ், சீனி, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினாகிரி நான்கும் இருக்கும். உறைப்பும் புளிப்பும் அவரவர் பாடு. முதற் கோப்பை எனக்கு இனித்தது. இரண்டாவதில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டபின் நாக்கு வழிக்கு வந்தது. மூன்றாவதையும் நான்காவதையும் நான் எண்ணவில்லை. எண்ணுவது கடைக்காரர் வேலை. வெறுங் கோப்பைகளை அடுக்கி வைத்தால் கடைசியில் அதை எண்ணித்தான் காசு.

சமூகவியல் படித்தவளுக்குச் சாப்பிட உட்கார்ந்தாலும் கணக்கெடுக்கும் புத்தி போகாது. பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் பத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். வேலைக் களைப்போடு வந்த ஒருவர் இரண்டோடு எழுந்து போனார். இரண்டு சாப்பிட்டவருக்கு ஒரு குறையும் இல்லை. கேட்கக் கேட்கத்தான் நூடில்ஸ் வேகிறது. ஆக்கி வைத்துக் கொட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. 1940களில் போரும் வெள்ளமுமாக இருந்த நாட்களில், நூடில்ஸ் விற்கும்படியும் வாங்கும்படியும் பிபுன் சொங்க்ராம் அரசு மக்களைத் தூண்டியது. ஆளுக்கொரு கோப்பை வாங்கினால் அந்தக் காசு விவசாயி வரைக்கும் சுற்றிப் போகும் என்பது அதன் கணக்கு.

ஐந்தாவது கோப்பையில் எனக்குத் தொண்டை அடைத்தது. மிளகாயால் அல்ல.

2014இல், பட்டம் முடித்த புதிதில், வன்னியில் வாழ்வாதாரக் கடன் கொடுக்கும் குழு ஒன்றில் இருந்தேன். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு தாய், இரண்டு பிள்ளைகளோடு, இடியப்பம் விற்கக் கடன் கேட்டு வந்தார். "மூண்டு இடியப்பம், கொஞ்சம் சம்பல், 30 ரூபா மிஸ். பள்ளிக்கூடப் பிள்ளையள், கூலிக்குப் போறவை வாங்குவினம்." இதில் என்ன மிஞ்சும் என்று நான் கேட்டேன். 120 ரூபாவுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல் போடும்படி விண்ணப்பத்தை மாற்றி எழுதியது என் கைதான். அந்த ஊரில் 120 ரூபா கொடுக்க ஆளில்லை. நாளும் பார்சல்கள் மிஞ்சின; நாய்க்கும் கோழிக்கும் போயின. மூன்று மாதத்தில் நின்றுவிட்டது. கடனைக் கட்டத் தோட்டை அடகு வைத்தார்.

காசு கொடுத்து எழும்பும்போது அந்த அம்மா சின்னப் பீங்கான் கிண்ணத்தில் 'கனொம் துவாய்' தந்தார். அடியில் பனங்கட்டி இனிப்பு, மேலே உப்பிட்ட தேங்காய்ப்பால், அவித்து எடுத்தது. அதுவும் இரண்டு கரண்டிதான்.

ஊர் திரும்பிய இரண்டாம் கிழமை அந்தத் தாயிடம் போனேன். மகள் உயர்தரம் படிக்கிறாள். இவர் தோட்ட வேலைக்குப் போகிறார். முற்றத்தில் இருந்து முழுக்கதையும் சொன்னேன். 2014இல் பிழை விட்டது நான்தான் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அதைத்தானே மிஸ் நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார்.

பிறகு உள்ளே எழுந்து போய் ஒரு சிரட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "கோப்பை இந்த அளவோ?"

"இதைவிடக் கொஞ்சம் சின்னன்" என்றேன்.