பன்னிரண்டு வயதுக்கு என்ன வாசிக்கத் தருவது?

முதல் வஹீயே ஓதுதலைப் பற்றி இறங்கியது என்று மீலாது மேடைகளில் பெருமையுடன் சொல்கிறோம். ஆயினும், பீங்கான் கோப்பைகளுக்கு இருக்கும் கண்ணாடி அலமாரி நம் வீடுகளில் புத்தகங்களுக்கு இருப்பதில்லை. சிறு குழந்தைகளுக்கேனும் படக்கதை வாங்கித் தருகிறோம். ஆறாம் வகுப்புக்கு ஏறியதும் அதுவும் நின்றுவிடுகிறது. படக்கதையைத் தாண்டிவிட்ட, பெரியவர்களின் நாவலை இன்னும் எட்டாத அந்தப் பிள்ளைக்கு நாம் தருவது வினா-விடைத் தொகுப்பு மட்டுமே.

என் தங்கையின் மகள் ஏழாம் வகுப்பு மாணவி. பெரிய பிள்ளையாகிவிட்டாள், இனி நூலகத்துக்குப் போக வேண்டாம், கதைகள் மனத்தைக் கெடுக்கும் என்று மச்சான் தடுத்துவிட்டார். "மச்சான், முதலில் நீங்களே படித்துப் பாருங்கள். கெடுதல் இருந்தால் அடுப்பில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிச் சில நூல்களை அவர் கையிலேயே கொடுத்தேன்.

முதலாவது, டாக்டர் அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்'. 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்த சுயசரிதையின் தமிழாக்கம். இதை மறுக்க நம்மவருள் எவருக்கும் துணிவு வராது! ஆனால் பலரும் இதைப் பரிசாகக் கொடுக்கிறார்களேயன்றி வாசித்ததில்லை. 1939இல் போர் மூண்டபோது புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட, எட்டு வயதுச் சிறுவன் அதைப் பொறுக்கி விற்று நாளுக்கு ஓரணா சம்பாதிக்கிறான். ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்க உதவுகிறான். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் அவனை உணவுக்கு அழைத்த நிகழ்ச்சியைப் பிள்ளைகள் கட்டாயம் வாசிக்க வேண்டும். முஸ்லிம் சிறுவனுக்குப் பரிமாற ஐயரின் மனைவி மறுத்துவிடுகிறார். ஆசிரியர் தம் கையாலேயே பரிமாறி, அவனருகில் அமர்ந்து உண்கிறார். அத்துடன் விடாமல் அடுத்த வாரமும் அழைக்கிறார். அன்று அந்த அம்மையாரே அவனை அடுக்களைக்குள் அழைத்துச் சென்று உணவளிக்கிறார். நூலின் பிற்பகுதியில் ராக்கெட் நுட்பங்கள் மிகுதி. அலுப்புத் தட்டினால் அப்பக்கங்களைத் தள்ளிவிடலாம் என்று பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது நூலுக்கு மச்சான் முகம் சுளித்தார். வைக்கம் முஹம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. 1959இல் மலையாளத்தில் வெளிவந்த இக்கதை தமிழிலும் கிடைக்கிறது. உம்மா, தம்பிகள், தங்கைகள், குழந்தைகள், கோழிகள் என்று நிரம்பி வழியும் வீடு. வந்திறங்கிய எழுத்தாளரிடம் எல்லோரும் காசு கேட்கிறார்கள். ஆடோ அவர் எழுதிய புத்தகங்களையே தின்றுவிடுகிறது! நம் வீட்டுப் பேச்சும் வறுமையும் சண்டையும் இலக்கியமாகும் என்பதை ஒரு முஸ்லிம் பிள்ளை இங்கே காண்கிறது. பாடநூலில் அது கிட்டுவது அரிது. அதே ஆசிரியரின் 'இளம்பருவத் தோழி'யை இன்னும் சில ஆண்டுகள் கழித்துக் கொடுக்கலாம். அதன் துயரம் இவ்வயதுக்குக் கனமானது.

ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானகியின் 'டோட்டோ-சான்' எவ்விதத் தடையுமின்றித் தேறியது. ரயில் பெட்டிகளே வகுப்பறைகளான பள்ளியின் கதையை யார்தான் வெறுப்பர்?

கடைசியாக, வங்கத்து ருகையா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு'. சிறிய கதைதான். பெண்கள் ஆட்சி நடத்த, ஆண்கள் வீட்டினுள் கோஷா இருக்கும் நாடு. அங்கே சூரிய வெப்பம் சேமிக்கப்படுகிறது, மேகத்திலிருந்து நீர் எடுக்கப்படுகிறது. 1905இல் இது முதலில் அச்சேறியது சென்னையிலிருந்து வந்த பெண்கள் இதழொன்றில் என்பது நமக்குப் பெருமை. ருகையாவுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. இரவில் வீட்டார் உறங்கிய பின் விளக்கொளியில் அண்ணன் கற்பித்தார். அவரே 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கெனப் பள்ளி நடத்தினார்.

இதை மச்சான் இருமுறை வாசித்ததாகத் தங்கை சொன்னாள். கருத்து எதுவும் கூறவில்லை. மகளின் நூலக அட்டை இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அவள் எழுதிக் கொடுக்கும் பட்டியலோடு அவரே நூலகத்துக்குப் போய் வருகிறார். அவள் தானாகப் போய் அலமாரியைத் துழாவித் தேர்ந்தெடுக்கும் நாள் வரவேண்டும் என்று அவரிடம் மறுபடியும் பேசியிருக்கிறேன்.