அல்சூர் ஏரிக்கரையில் ஒரு மோதிரம்

பெங்களூருக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழர் எவரும் அல்சூரை அறியாதிருத்தல் அரிது. சோமேசுவரர் கோயிலும், நெருக்கமான கடைவீதியும், அகன்று கிடக்கும் ஏரியும் அப்பகுதிக்கு அழகு தருவன. 1950ஆம் ஆண்டில் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் கட்டடம் ஏரிக்கு அண்மையில் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பெற்றதும் இவ்வேரிக் கரையில்தான். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தக்க இடம் எதுவென்று புதிதாய் வந்தோர் கேட்டால், நாங்கள் முதலில் சொல்வது அல்சூரையே.

ஆயினும் சென்ற மார்கழியில் நாங்கள் அங்குச் சென்றது உலாவுவதற்காக அன்று. தொலைந்துபோன ஒரு மோதிரத்தைத் தேடுவதற்காக.

மோதிரம் எங்கள் அத்தையாருடையது. அரைப் பவுன்தான், கல் பதித்ததும் அன்று. ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. எங்கள் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குக் கூலியாய்ச் சென்றவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்கடியில் உழைத்தார். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கிய அச்சுரங்கம் உலகின் மிக ஆழமான பொற்சுரங்கங்களுள் ஒன்றாய் விளங்கியது. பொன்னை வெட்டியெடுத்தவர் வீட்டில் பொன் அரிதாகவே இருந்தது. பாட்டியார் வாரக் கூலியில் மிச்சம் பிடித்து, கடையில் அந்த மோதிரத்தை வாங்கி, மகளின் திருமணத்தன்று விரலில் அணிவித்தார். 2001 பெப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பெற்றது. அதன்பின் கணவரையும் இழந்த அத்தையார், நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு எங்களோடு வாழ வந்தார். மற்ற நகைகளெல்லாம் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு தேவைக்காய்ப் போயின. எஞ்சியது அம்மோதிரம் ஒன்றே.

“கோயிலுக்கு அருகே குழாயடியில் கைகால் கழுவினேன். அங்கேதான் நழுவியிருக்க வேண்டும்” என்று அத்தையார் சொன்னார். இரண்டு நாள் நாங்கள் மண்ணைக் கிளறிப் பார்த்தோம். பயன் இல்லை. அப்பொழுது சங்கத்து நூலகத்தில் பழக்கமான நண்பர் ஒருவர், “மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரை எனக்குத் தெரியும். தொலைந்த மோதிரங்களை எடுத்துக் கொடுப்பதை ஒரு தொண்டாகச் செய்துவருகிறார்” என்றார்.

இவ்விடத்தில் அல்சூரின் மற்றொரு சிறப்பையும் கூற வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையின் தலைமையிடம் இவ்வேரியை ஒட்டி அமைந்துள்ளது. 1780இல் தொடங்கிய அப்படையில் தமிழ் வீரர் பலர் தலைமுறை தலைமுறையாய்ப் பணிபுரிந்து வந்துள்ளனர். அவர்களுக்குத் ‘தம்பி’ என்பது செல்லப் பெயர். முள்வேலியைத் தகர்ப்பதற்கான ‘பெங்களூர் டார்பீடோ’ என்னும் வெடிகுழாயை அப்படையின் அதிகாரி ஒருவர் 1912இல் இவ்வூரில்தான் அமைத்தார். பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், புதைத்து வைத்த கண்ணிவெடிகளைக் கண்டு அகற்றுதல் ஆகியவை சாப்பர்களின் தொழில். எங்களுக்கு உதவ வந்தவரும் அத்தொழிலில் பயின்றவரே.

ஞாயிறு காலை அவர் வந்தார். நீண்ட தடியின் முனையில் தட்டுப் போன்ற வளையம், கையருகே ஒரு சிறு பெட்டி, காதில் கேட்பொறி: இவ்வளவே கருவி. அது வேலை செய்யும் முறையை எங்கள் மகனுக்கு அவர் விளக்கினார். வளையத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மாறு மின்னோட்டம் பாய்கிறது. அதனால் சுற்றிலும் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால், அதில் சிறு சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை தம் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. அதனைக் கருவி உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. காந்தம் பொன்னை இழுப்பதில்லை. ஆயினும் பொன் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இக்கருவிக்குத் தப்புவதில்லை. முழு வளையமாயுள்ள மோதிரம் தெளிவாக ஒலிக்கும். ஓரிடத்தில் வெட்டுண்டதாயின் ஒலி மங்கிவிடும்.

கோயில் சார்ந்தவர்களிடம் அனுமதி பெற்றபின், குழாயடியைச் சுற்றியிருந்த மண்தரையில் வெள்ளை நாடாக்களைக் கட்டி அவர் பாத்திகளைப் போல் பிரித்தார். “கண்ணிவெடிக் களத்திலும் இப்படித்தான் பாதை குறிப்போம். விட்டுப்போன ஒரு சாண் நிலமே ஆளைக் கொல்லும்” என்றார். வளையத்தைத் தரைக்கு இணையாய், மெல்ல, ஒரு வீச்சின் மேல் மறு வீச்சு படியுமாறு அசைத்துச் சென்றார். கருவி பலமுறை ஒலித்தது. கொண்டையூசி, சோடாப் புட்டி மூடி, ஐந்து ரூபாய் நாணயம், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் என ஒவ்வொன்றாய் வெளிவந்தன. அலுமினியத் தாளின் ஒலியும் மெல்லிய பொன் மோதிரத்தின் ஒலியும் ஏறத்தாழ ஒன்றாயிருக்குமாம். ஆகவே குப்பையென்று எதையும் ஒதுக்கலாகாது. தோண்டித்தான் பார்க்க வேண்டும். தோண்டிய குழியை ஒவ்வொரு முறையும் மூடி மிதித்துச் சமன் செய்தார். இரண்டு மணி நேரம் கழிந்தது. மோதிரம் இல்லை.

அவர் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அத்தையாரின் எதிரே தரையில் அமர்ந்தார்.

“அம்மா, அன்றைக்கு வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் திரும்பியது வரையில் எங்கெங்கே நின்றீர்கள், எங்கெங்கே உட்கார்ந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். எதற்காகப் போனீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்.”

அத்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் கண்ணீர் வந்தது. அதன்பின் சொற்கள் வந்தன.

அன்று அவர் கோயிலுக்குச் செல்லவே இல்லை. எங்கள் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் போதவில்லை என்று முன்னிரவில் நாங்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறார். காலையில் மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, கடைவீதியிலுள்ள ஓர் அடகுக் கடைக்குப் போயிருக்கிறார். வாயில்வரை சென்றவருக்குத் தாயின் முகம் நினைவுக்கு வந்தது. உள்ளே நுழைய மனம் வரவில்லை. திரும்பி ஏரிக்கரைப் பூங்காவுக்கு வந்து, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அமர்ந்து, அடகு வைப்பதா வேண்டாமா என்று முடிச்சை அவிழ்ப்பதும் முடிவதுமாய் இருந்திருக்கிறார். வீடு வந்தபோது முடிச்சு வெறுமையாய் இருந்தது. உண்மையைச் சொன்னால் எங்கள் மனம் புண்படுமே என்றுதான் குழாயடிக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

எங்களுக்குத் தலைநிமிர முடியவில்லை. அத்தையாரின் பொய்யைவிட, அவர் காதில் விழும்படி நாங்கள் பேசியதும், அவரிடமே மனம் விட்டுப் பேசாததும் எங்களைச் சுட்டன.

படைவீரர் ஒன்றும் கூறாமல் நாடாக்களைச் சுருட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தார். பூங்காக் காவலரிடம் செய்தியைச் சொல்லி இசைவு பெற்றார். இரும்பு வேலிக்கும் இரும்பு இருக்கைக்கும் அருகே கருவி ஓயாது அலறும். நல்வாய்ப்பாக அம்மரம் அவற்றுக்குச் சற்று எட்டவே நின்றது. சருகுகளைக் கூட்டித் தள்ள நாங்கள் முற்பட்டபோது, “தொடாதீர்கள். விழுந்த பொருள் விழுந்த இடத்திலேயே இருக்கட்டும்” என்று தடுத்தார். நாற்பது நிமிடம் சென்றிருக்கும். வேர் இரண்டு பிரியும் இடத்தில் கருவி சிறியதாய், தெளிவாய் ஒலித்தது. வளையத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அசைத்துப் பார்த்தார். இரு திசையிலும் அதே ஒலி. குனிந்து நான்கு சருகுகளை எடுத்தார். ஐந்தாவதன் அடியில், தோண்டவே தேவையின்றி, மோதிரம் கிடந்தது.

அதை அவர் எங்களிடம் கொடுக்கவில்லை. அத்தையாரின் உள்ளங்கையில் வைத்தார். “தம்பி, நீ நல்லா இருக்கணும்” என்பதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. ‘தம்பி’ என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பழைய சாப்பர் புன்னகை புரிந்தார். நாங்கள் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார். ஆளுக்கொரு காப்பியோடு அன்றைய கணக்குத் தீர்ந்தது.

விடைபெறுமுன் அவர் சொன்ன செய்தி ஒன்றைப் பிறகு நாங்களும் நூல்களில் படித்துப் பார்த்தோம். 1881 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டறிய, தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இவ்வகைக் கருவியொன்றைச் செய்து கொணர்ந்தார். குண்டு வலப்புறம் உள்ளது என்று தலைமை மருத்துவர் உறுதியாய் எண்ணியதால் அப்புறமே தேடப்பட்டது. மெத்தையினுள் இருந்த எஃகுச் சுருள்களும் கருவியைக் குழப்பின என்பர். செப்டம்பரில் தலைவர் உயிர் நீத்தார். பிணச் சோதனையில் குண்டு இடப்புறம் இருக்கக் கண்டனர். தவறான இடத்தைக் காட்டினால், நல்ல கருவியும் என் செய்யும்?

இதே கருவி வகை, போலந்து நாட்டுப் பொறியாளர் கொசாக்கி செய்த திருத்தங்களோடு, 1942இல் எல் அலமெய்ன் பாலைவனப் போரில் கண்ணிவெடிகளைக் காட்டிப் பல உயிர்களைக் காத்தது. அன்று மரணத்தைத் தேடிய கருவி, இன்று ஏரிக்கரையில் ஒரு மூதாட்டியின் மோதிரத்தைத் தேடித் தருகிறது. கண்டு மகிழத்தக்க மாற்றம் அன்றோ இது!

கருவியின்றியும் பொருள் மீள்வதுண்டு. 2024 செப்டம்பரில், இந்நகரிலேயே, ஒரு குடும்பத்தார் விநாயகர் திருமேனியை நடமாடும் தொட்டியொன்றில் கரைத்தனர். ஏறத்தாழ 60 கிராம் எடையுள்ள பொற்சங்கிலியைக் கழற்ற மறந்துவிட்டனர். தொட்டி நீரை வெளியேற்றி, பல மணி நேரம் சேற்றைத் துழாவியபின் சங்கிலி கிடைத்தது. தயங்காது உடனே சென்று, நடந்ததை நடந்தவாறே சொன்னதால் வந்த பயன் அது.

வாசகர்க்குச் சில சொற்கள். நகை தொலைந்ததென்று அறிந்தவுடன் நின்ற இடத்தை அடையாளம் செய்யுங்கள்; பலரை அழைத்து மிதிக்கவிடாதீர்கள்; சென்ற வழியையும் நேரத்தையும் தாளில் எழுதிவையுங்கள். பெங்களூர்க் குளிரில் விரல் சுருங்கும். தளர்ந்த மோதிரம் சவர்க்கார நீரில் எளிதில் நழுவும். நகையின் நிழற்படமும் எடையும் வீட்டில் இருப்பது நன்று. பிறர் பொருளைக் கண்டெடுப்போருக்கும் கடமை உண்டு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவரை அப்பொருளின் காப்பாளராகவே கருதுகிறது. நேர்மையின்றித் தனதாக்கிக் கொள்வது குற்றம்.

எங்கள் மகனின் கட்டணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்று மாலை அத்தையாரையும் மகனையும் அருகே அமர்த்தி, வரவு செலவை ஒளிக்காமல் எடுத்துரைத்தோம். வேலையிடத்தில் முன்பணம் பெற்று, மாதந்தோறும் கழித்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. மோதிரம் அத்தையாரின் விரலிலேயே இருக்கிறது.

உலோகத்தைக் காட்டுவது கருவி; இடத்தைக் காட்டுவது மெய்யான சொல். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில், ஒருவர் துயரத்தை மற்றவர் அறியாதிருக்க மறைத்து வைக்கும் வழக்கம் மிகுதி. அன்பினால் மறைப்பதுதான். ஆயினும் மறைத்த இடத்தில் எவ்வளவு தேடினாலும் தொலைந்தது கிட்டுவதில்லை. அடுத்த முறை அல்சூர் ஏரிக்கரைக்குச் செல்லும் அன்பர்கள் அத்தூங்குமூஞ்சி மரத்தடியில் சற்று அமர்ந்து, வீட்டாரோடு மனம் விட்டுப் பேசுவார்களாக.