ஏழாவது ரவுண்டில் வந்தவருக்குக் காயம் பட்டால் என்ன ஆகும்?

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க உட்கார்ந்தால், யார் ஜெயித்தார் என்பதை விட யார் எழுந்து நடந்தார் என்பதில்தான் என் கண் போகும். டாக்டர் புத்தி, என்ன செய்ய!

அப்படிப் பார்த்ததில் ஒரு கேள்வி ரொம்ப நாளாக உறுத்துகிறது.

கடைசி ரவுண்டுகளில் எடுக்கப்படும் வீரர்களில் நிறைய பேர் இரண்டு மூன்று சீசனுக்குள் காணாமல் போய்விடுகிறார்களே, ஏன்?

"திறமை குறைவு. அதனாலதான் கடைசியில எடுத்தாங்க" என்பார்கள். அது பாதி பதில். மீதிப் பாதிக்குத்தான் இந்த த்ரெட்.

முதலில் ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு.

என்எஃப்எல் லீகில் 32 டீம்கள். ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் கல்லூரி வீரர்களை டீம்கள் வரிசை முறையில் எடுப்பார்கள். இதற்குப் பெயர் டிராஃப்ட். மொத்தம் 7 ரவுண்டு, 250 பேருக்கு மேல்.

கடைசி ஆளுக்கு 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று பட்டம். பொருட்டே இல்லாதவர் என்று அர்த்தம். 1976 முதல் அவரை நியூபோர்ட் பீச்சுக்குக் கூட்டிப் போய் விழா எடுக்கிறார்கள். பந்தைக் கைநழுவ விடும் ஒரு வீரனின் சிலைதான் பரிசு. பாசமான கேலி!

ஆனால் ஜூலையில் பயிற்சி முகாம் தொடங்கினால் கேலி முடிந்துவிடும். முகாமில் ஒரு டீமுக்கு 90 பேர். ஆகஸ்ட் கடைசியில் 53 பேர்தான் மிஞ்சுவார்கள். வெளியே போகும் 37 பேரில் சிலருக்குப் பயிற்சிக் குழுவில் இடம் கிடைக்கும். மற்றவர்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

சரி, எடுக்கும்போதே யார் தேறுவார் என்று டீம்களுக்குத் தெரியுமா?

பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் இதை ஆராய்ந்தார்கள். ஒரு வீரரையும், அதே பொசிஷனில் அவருக்கு அடுத்ததாக எடுக்கப்பட்டவரையும் ஒப்பிட்டார்கள். முதலில் எடுக்கப்பட்டவர் பின்னாளில் சிறந்து விளங்கியது சுமார் 52 சதவீதம்தான். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும்!

இது அடுத்தடுத்த இருவருக்கான கணக்கு. முதல் ரவுண்டையும் ஏழாவது ரவுண்டையும் மொத்தமாக எடுத்தால் முதல் ரவுண்டு ஆட்கள்தான் மேல். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் முழுக்கத் திறமையால் வந்ததா?

கூடைப்பந்தில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. பேரி ஸ்டாவும் ஹா ஹோவாங்கும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு. ஒரே அளவு ஆடும் இருவரில், டிராஃப்டில் முன்னால் எடுக்கப்பட்டவருக்கே களத்தில் அதிக நேரம் கிடைத்தது. லீகில் அதிக வருஷம் நீடித்ததும் அவரே. செலவு பண்ணியாச்சு, விட மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

இப்போது என் துறைக்கு வருகிறேன்.

முகாமின் முதல் வாரத்தில் இரண்டு பேருக்குத் தொடையின் பின்பக்கம் ஹாம்ஸ்ட்ரிங் தசை பாதி கிழிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் முதல் ரவுண்டு, இன்னொருவர் ஏழாவது. ஒரே தசை, ஒரே ஸ்கேன் ரிப்போர்ட்.

இந்தக் காயம் ஆற பொதுவாக 4 முதல் 8 வாரம் ஆகும். முகாம் தொடங்கி 53 பேர் பட்டியல் வரும்வரை இருப்பதே ஏறக்குறைய 5 வாரம்!

முதல் ரவுண்டுக்காரரின் கான்ட்ராக்டில் பெரும் தொகை உத்தரவாதம். அனுப்பினாலும் அந்தப் பணம் டீமின் சம்பள வரம்புக் கணக்கில் நிற்கும். அதனால் "மெதுவா வா தம்பி" என்பார்கள். ஏழாவது ரவுண்டுக்காரருக்கு உறுதியானது பெரும்பாலும் சின்ன சைனிங் போனஸ் மட்டும். காயம் ஆறும் காலத்துக்கு ஒரு தொகை பேசி முடித்து அவரை அனுப்பிவிடலாம்.

அங்கே ஒரு சொலவடையே உண்டு. சிகிச்சைத் தொட்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு டீமில் இடம் இல்லை என்பார்கள்.

அப்புறம் அவர் என்ன செய்வார்? வலியை மறைப்பார்.

வேலை நிரந்தரமில்லாத நோயாளிகளிடம் நான் இதைப் பார்த்திருக்கிறேன். "இப்ப பரவாயில்ல டாக்டர்" என்பார்கள். காலைத் தொட்டால் முகம் சுருங்கும். ஹாம்ஸ்ட்ரிங்கின் கெட்ட குணம், முழுசாக ஆறாமல் ஓடினால் திரும்பவும் கிழியும். அப்படிக் கிழிந்தால் "அடிக்கடி காயப்படுபவர்" என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயர் உடம்பால் வந்ததா, அவசரத்தால் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொரு கொடுமை. கடைசி ரவுண்டு ஆட்கள் பட்டியலில் ஒட்டிக்கொள்ள வழி, பெரும்பாலும் ஸ்பெஷல் டீம்ஸ்தான். கிக்காஃபில் முழு வேகத்தில் ஓடிப் போய் எதிராளி மேல் மோதுவது. மூளை அதிர்ச்சிக் காயங்கள் அதில் அதிகம் என்பதால்தான் 2024-ல் கிக்காஃப் விதியையே மாற்றினார்கள். பாதுகாப்பு குறைந்த வேலையில் இருப்பவருக்கே ஆபத்து கூடிய வேலை!

வீரர்கள் சங்கம் சொல்லும் சராசரி ஆட்ட ஆயுள் சுமார் 3.3 ஆண்டுகள். ஓய்வூதிய உரிமைக்கு 3 சீசன் கணக்கில் சேர வேண்டும். ஒரு தசைக்கிழிவு ஒருவரை இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம்.

"அப்ப டாம் பிரேடி?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும்.

2000-ம் ஆண்டு, 6-வது ரவுண்டு, 199-வது ஆள். அவருக்கு முன் 6 குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். பிரேடி 23 சீசன் ஆடி 7 சூப்பர் பவுல் வென்றார். எல்லோரும் சொல்வது இந்தப் பகுதியை மட்டும்தான்.

சொல்லாமல் விடுவது இது: முதல் வருஷம் அவர் நாலாவது குவார்ட்டர்பேக். ஒரு டீம் நாலு பேரை வைத்துக்கொள்வது அபூர்வம், பேட்ரியாட்ஸ் வைத்துக்கொண்டது. அந்த சீசன் முழுக்க அவர் எறிந்தது 3 பாஸ். மற்ற நேரமெல்லாம் கற்றுக்கொள்ளவும் உடம்பைத் தேற்றவும்.

2001 செப்டம்பர் 23 அன்று ட்ரூ பிளெட்சோ மேல் ஒரு பலத்த மோதல். 1993 டிராஃப்டின் முதல் ஆள் அவர். மார்புக்குள் ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் தேங்கியது. உயிருக்கே ஆபத்தான ஹீமோதொராக்ஸ். அந்த இடத்துக்குத்தான் பிரேடி வந்தார்.

2022-ன் கடைசி ஆள், 262-வது, பிராக் பர்டி. அவரும் முன்னால் இருந்த இருவரும் எலும்பு முறிந்து வெளியேறிய பிறகே களத்துக்கு வந்தார். அடுத்த சீசனில் சூப்பர் பவுல் வரை போனார்.

இரண்டு பேருக்கும் திறமை இருந்தது. ஆனால் அதைக் காட்டும் நாள் வரும்வரை பட்டியலில் ஓர் இடம் இருந்தது. அந்த நாள் வராமலே ஊர் திரும்பிய பர்டிகள் எத்தனை பேரோ!

கன்கஷனுக்குப் பிறகு டீமைச் சாராத நரம்பியல் நிபுணர் அனுமதித்தால்தான் மறுபடி ஆட முடியும். நல்ல விதி. ஹாம்ஸ்ட்ரிங்குக்கு அப்படி ஒருவர் இல்லை. முகாமில் காயப்பட்டவர் ஆறி வந்த பிறகு ஒரு தடவையாவது ஆடிக் காட்ட விட்டு, அப்புறம் முடிவு செய்யலாம். ஒரு மருத்துவராக நான் கேட்பது அந்தச் சில வாரங்களைத்தான்.

அடுத்த ஆகஸ்டில் அந்த 53 பேர் பட்டியல் வரும்போது, இல்லாத பெயர்களையும் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.