சேறும் சேறு சார்ந்த இடமும்

இங்கிலாந்துக்காரர்களைப் பற்றி நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. டை கட்டிக்கொண்டு, கையில் குடையை மாட்டிக்கொண்டு, 'சாரி', 'தேங்க் யூ' சொல்லியபடி க்யூவில் நிற்கும் சாதுவான ஜனங்கள் என்று. அதை மாற்றிக்கொள்ள ஆசையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வட இங்கிலாந்தில் ஏதாவது ஒரு மலையடிவாரத்துக்குப் போய் நில்லுங்கள். அரை டிராயரும் பனியனுமாக நூறு இருநூறு பேர், கொட்டுகிற தூறலில், மலையைப் பார்த்து ஓடுவார்கள். பின்னால் யாரும் துரத்தவில்லை. மேலே எதுவும் இலவசமாகக் கொடுக்கவும் இல்லை.

இதற்குப் பெயர் 'ஃபெல் ரன்னிங்'. வடக்கே மலையை 'ஃபெல்' என்பார்கள். மாரத்தான் மாதிரி தார் ரோடு, வழிநெடுக கைதட்டல் எல்லாம் இதில் கிடையாது. பல போட்டிகளில் பாதையே கிடையாது! குறிப்பிட்ட இடங்களுக்குப் போ, அங்கே நிற்கிறவரிடம் நம்பரைக் காட்டு, திரும்பி வா. நடுவில் எப்படி வருகிறாய் என்பது உன் பாடு.

இந்த ஓட்டத்தின் சக்கரவர்த்தி ஜாஸ் நெய்லர் என்கிற ஆடு மேய்க்கும் விவசாயி. லேக் டிஸ்ட்ரிக்டில் வாஸ்டேல் பள்ளத்தாக்குக்காரர். இளம் வயதில் முதுகில் ஆபரேஷன் ஆன மனிதர். 1975-ல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களை ஓடியே தொட்டார். 1986-ல், தன் ஐம்பதாவது வயதில், 214 சிகரங்களை ஏழே நாளில் முடித்தார். 2024-ல் 88 வயதில் காலமானார். நமக்கு இரண்டாவது மாடி ஏறினாலே லிஃப்ட் ஞாபகம் வருகிறது.

நான் மான்செஸ்டரில் உத்தியோகம் பார்க்கிறேன். பக்கத்து சீட்டில் ரிடையராக இரண்டு வருஷம் பாக்கி வைத்திருக்கும் ஒரு வெள்ளைத் தாடிக்காரர். மனசுக்குள் அவரைத் 'தாடித் தாத்தா' என்றுதான் கூப்பிடுவேன். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் கொட்டாவி விடும்போது, இவர் மட்டும் முழங்காலில் சிராய்ப்பும் முகத்தில் சிரிப்புமாக வருவார். அவர்தான் ஒருநாள் கேட்டார்: "பார்க்கிலே ரவுண்டு ரவுண்டா ஓடுறியே தம்பி... மலைக்கு வர்றியா?" ('லாட்' என்றார். நம்ம 'தம்பி'தான் அது.)

மூன்று மாதம் அவரோடு மேடு பள்ளமெல்லாம் ஓடிப் பழகினேன். அதைவிட முக்கியமாக, வரைபடமும் காம்பஸும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பிறகுதான் பெயர் கொடுக்க அனுமதித்தார்.

இடம் ஹேஃபீல்ட் கிராமம். மான்செஸ்டருக்குக் கிழக்கே, பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளின் வாசற்படி. தலைக்கு மேலே கிண்டர் ஸ்கௌட். உயரம் வெறும் 636 மீட்டர். 'நம்ம ஊட்டியே 2,200 மீட்டருக்கு மேலே. இதெல்லாம் ஒரு மலையா?' என்று சிரிக்காதீர்கள். ஊட்டியில் ரோடு இருக்கிறது, சூடாகக் காபி இருக்கிறது. கிண்டரின் உச்சி, மொட்டை மாடி மாதிரி பரந்த சமவெளி. அந்த மொட்டை மாடி முழுக்கச் சேறு.

சேற்றுக்கு வருமுன் ஒரு சின்ன சரித்திரம். இந்த மலையில் ஒரு காலத்தில் சாமானியர்கள் கால் வைக்க முடியாது. பணக்காரர்கள் பறவை வேட்டையாடுவதற்கென்று வளைத்துப் போட்டிருந்தார்கள். வார விடுமுறையில் சுத்தமான காற்று தேடி வந்த மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளிகளைக் காவலாட்கள் விரட்டியடித்தார்கள். 1932 ஏப்ரல் 24-ம் தேதி, பென்னி ராத்மன் என்கிற இருபது வயது இளைஞரின் தலைமையில் சில நூறு பேர் இதே ஹேஃபீல்டிலிருந்து கிளம்பித் தடையை மீறி ஏறினார்கள். கைகலப்பு நடந்தது. ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். ஆனால் அந்த நடை வீண் போகவில்லை. 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது இந்த பீக் டிஸ்ட்ரிக்ட்தான். 2000-ம் ஆண்டில், மலை வெளிகளில் நடக்க எல்லோருக்கும் உரிமை தருகிற சட்டமே வந்துவிட்டது. நான் இன்றைக்கு அங்கே வழுக்கி விழ முடிகிறது என்றால், அதற்காக அன்றைக்குச் சிலர் சிறை சென்றிருக்கிறார்கள்!

போட்டிக்கு முன்னால் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மழைக் கோட்டு, மழை பேண்ட், குல்லாய், கையுறை, வரைபடம், காம்பஸ், விசில், அவசரத்துக்குக் கொஞ்சம் தின்பண்டம். ஒன்று குறைந்தாலும் ஓட முடியாது. செல்போன் இருக்கிறதே என்று ஒரு இளைஞன் முனகினான். "மழையிலே நனைஞ்ச விரலுக்கு அது மசியாது தம்பி" என்றார் பரிசோதித்த அம்மாள்.

விசில் ஊதி விட்டார்கள். சுமார் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டம். முதலில் நீர்த்தேக்கத்தின் ஓரமாக, அப்புறம் 'வில்லியம் க்ளஃப்' என்கிற ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக மேலே. ஓட்டம் என்று பெயர்தான். செங்குத்து வந்ததும் எல்லோரும் இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, பழனி படியேறுகிற பாட்டி மாதிரி நடந்தார்கள். சாம்பியனும் இப்படித்தான் ஏறுவாராம். கேட்டபோது மனசுக்கு இதமாக இருந்தது.

மேலே ஏறியதும் மூடுபனி. கொடைக்கானலில் ஃபோட்டோவுக்கு போஸ் கொடுக்கிற ரகம் இல்லை, இது வேறு. முன்னால் ஓடுகிறவரின் முதுகு தெரியும்; அடுத்த விநாடி தெரியாது. புதருக்குள்ளிருந்து க்ரௌஸ் என்கிற காட்டுக்கோழி 'கோ பேக்... கோ பேக்...' என்று கத்தும். சத்தியமாக அதன் குரலே அப்படித்தான்!

பிறகு சேறு. 'பீட்' என்று பெயர். செத்த பாசி மக்காமல் படிந்து படிந்து உண்டானது. வருஷத்துக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். அதாவது உங்கள் கால் இரண்டு மீட்டர் சேற்றுக்குள் போனால், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய காலத்தில் நிற்கிறீர்கள். இதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மான்செஸ்டர், ஷெஃபீல்ட் ஆலைகளின் புகை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அமில மழையாகப் பெய்து மேலிருந்த பாசியைக் கொன்றுவிட, மலையே தோல் உரிந்த மாதிரி ஆகி, மழையில் அரித்து ஆளுயரப் பள்ளங்கள் விழுந்துவிட்டன. நாம் நாற்று நடுகிற மாதிரி, பாசியைக் கையாலேயே திரும்ப நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சேற்றில் ஓட ஒரே ரகசியம்: நிற்காதே. பாதம் பதியும் முன் அடுத்த பாதம் எடு. பச்சைப் பசேலென்று கண்ணைப் பறிக்கிற இடத்தில் காலே வைக்காதே. கரடுமுரடாகப் புல் முளைத்த இடம்தான் கெட்டி. (அழகைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.)

மேற்கு விளிம்போடு ஓடி, கிண்டர் டௌன்ஃபால் அருவியைத் தாண்டினோம். பலமாகக் காற்றடித்தால் இந்த அருவி கீழே விழாமல் மேல் நோக்கிப் பறக்கும். அன்றைக்கு அருவியே கண்ணில் படவில்லை. தெறித்த தண்ணீர் மட்டும் முகத்தில் பட்டது. அடுத்தது கிண்டர் லோ. ஒரு சின்ன வெள்ளைத் தூண், பக்கத்தில் கூடாரம், வாக்கிடாக்கியோடு இரண்டு பேர். நம்பரைக் குறித்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து தெற்கே இறங்க வேண்டும். தாத்தாவும் நானும் காம்பஸை வைத்து, அடிகளை எண்ணியபடி போனோம். இருநூறு எண்ணியிருப்பேன். இடது பக்கம் விசில் சத்தம். ஒன்று, இரண்டு... ஆறு. ஒரு நிமிஷம் மௌனம். மறுபடி ஆறு.

மலையில் அதற்கு ஒரே அர்த்தம்: 'காப்பாத்துங்க.'

தாத்தா பதிலுக்கு மூன்று முறை ஊதினார். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால், பள்ளத்துக்குள் தொடை வரை புதைந்து ஒரு பையன். செல்போனுக்காக முனகினானே, அவனேதான். இரண்டு பேருமாக இழுத்ததில் ஆள் வந்தான், ஒரு ஷூ வரவில்லை. கணுக்கால் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. 'ஐ ஆம் ஃபைன், ஐ ஆம் ஃபைன்' என்றான். நாக்கு குழறியது. உடம்புச் சூடு இறங்குகிறதற்கு அதுதான் அடையாளம்.

தாத்தா அவனுக்கு அவன் கோட்டின் மேலேயே தன் கோட்டையும் போர்த்தி, வாயில் சாக்லேட்டைத் திணித்தார். என்னைப் பார்த்தார். "நான் இவன்கூட இருக்கேன். நீ கூடாரத்துக்குப் போ. வந்த பாகையோட நூத்தி எண்பதைக் கூட்டிக்கோ. வழியிலே பள்ளம் வந்தா வலது பக்கம் சுத்து. அடுத்த பள்ளத்துக்கு இடது பக்கம் சுத்து. கணக்கு சரியாயிடும்."

தனியாக! பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லாத வெள்ளையில். முதலில் எங்கள் தடத்தைப் பிடித்து விசில் கேட்ட இடத்துக்கு வந்தேன். அங்கிருந்து நம்பிக்கை உள்ளங்கையில் இருந்த அந்தச் சிவப்பு முள் ஒன்றுதான். நூறு... நூற்று ஐம்பது... வலது, இடது. 'இந்தப் பக்கம் போயிட்டிருக்கே, தப்பு' என்று மூளை அடித்துச் சொல்கிறது. முள்ளோ 'நேரே போ' என்கிறது. முள்ளையே நம்பினேன். இருநூறு. தூண் இல்லை. இருநூற்று முப்பது. தொண்டை வறண்டுவிட்டது. விசிலை எடுத்து ஊதினேன். வலது பக்கம், இருபதடி தூரத்தில் பதில் வந்தது. அவ்வளவு இனிமையான சங்கீதத்தை நான் எந்த சபாவிலும் கேட்டதில்லை.

வாக்கிடாக்கியில் தகவல் போயிற்று. கூடாரத்துக்காரர்களில் ஒருவர் போர்வையோடு என் பின்னால் வந்தார். மலை மீட்புக் குழு ஒன்றரை மணி நேரத்தில் ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டது. எல்லோரும் சம்பளம் இல்லாத தொண்டர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவராம் ஒருவர். பையன் பிழைத்தான். அன்று சாயந்திரமே ஆஸ்பத்திரியில் டீ கேட்டானாம்.

நாங்கள் கிராமத்துக்கு இறங்கி வந்தபோது எல்லோரும் சூப் குடித்து முடித்திருந்தார்கள். ஆனால் ஓட்டத்தை நடத்துகிறவர் மட்டும் பேனாவும் காகிதமுமாக மழையில் நின்றுகொண்டிருந்தார். கிளம்பிய தலைகளும் வந்த தலைகளும் சரியாகும் வரை அவர் வீட்டுக்குப் போக மாட்டார். பாதியில் விலகுகிறவர்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க மலையில் தேடுவார்கள். எங்கள் இரண்டு நம்பரையும் டிக் அடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஆளுக்கொரு துண்டு கேக் நீட்டினார்.

திங்கட்கிழமை ஆபீஸில் மானேஜர் கூப்பிட்டார். "ஏதோ மலை ஓட்டமாமே? எத்தனாவது வந்தே?"

"நூற்று பன்னிரண்டாவது, சார்."

"பரவாயில்லையே! மொத்தம் எத்தனை பேர்?"

"நூற்று பதிமூணு."

"அப்போ கடைசி ஆள் யாரு?"

பக்கத்து சீட்டில் தாடித் தாத்தா ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.