தீசிஸ் எழுதும் டாக்டர்களே, க்ராக் வேண்டாம்

1/ தீசிஸ் நேரம் வந்தாச்சு. "அண்ணா, எஸ்பிஎஸ்எஸ் க்ராக் இருக்கா?"ன்னு ஜூனியர்ஸ் கேட்கிறாங்க. தேடினா கிடைக்கும்தான். ஆனா நான் தரமாட்டேன். ஏன்னு சொல்றேன்.

2/ க்ராக் போட முதல்ல ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்வாங்க. திருடனுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற கதை. அதே லேப்டாப்லதான் உங்க மாஸ்டர் சார்ட் இருக்கு: நோயாளியோட ஐபி நம்பர், ஹெச்ஐவி ரிசல்ட், காயத்தோட போட்டோ. "ரகசியம் காப்போம்"னு எழுதி அவங்ககிட்ட கையெழுத்து வாங்கினது நாமதான்.

3/ 2017 மே 12, வான்னாக்ரை வைரஸ். பிரிட்டன்ல அரசு ஆஸ்பத்திரிகள் பல முடங்கி, ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட் ரத்தாச்சு. காரணம் திருட்டு விண்டோஸ் இல்லை. ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச்லயே வந்திருச்சு, பல கம்ப்யூட்டர்ல போடல. அவ்வளவுதான். க்ராக் விண்டோஸ்ல பெரும்பாலும் அப்டேட்டை வேணும்னே நிறுத்தி வைப்பாங்க. யோசிச்சுக்கோங்க.

4/ "காசுக்கு எங்க போறது?" நியாயமான கேள்வி. ஸ்டைபண்ட்ல எஸ்பிஎஸ்எஸ் வாங்கச் சொல்லல. ஜமோவி, பிஎஸ்பிபி, ஆர் மூணுமே சட்டப்படி இலவசம். டி-டெஸ்ட், கை ஸ்கொயர், ரிக்ரஷன் எல்லாம் ஜமோவில மவுஸ் கிளிக்லயே வந்துடும். ரெஃபரன்ஸ் அடுக்க ஸோடீரோ. டைப் பண்ண லிப்ரே ஆபிஸ். படிக்க ஸ்டேட்பேர்ல்ஸ், என்சிபிஐ தளத்துல இலவசமாவே இருக்கு.

5/ ஜமோவி பழக ஒரு சாயங்காலம் போதும். எங்கயாவது மாட்டிக்கிட்டா கேளுங்க, டூட்டி முடிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்.