மோட்டார் வண்டியும் தாழ்ந்த விளிம்புக்கல்லும்

உயர்ந்த சுவரில் வண்டியை மோதுவார் சிலரே. நடைபாதையின் தாழ்ந்த விளிம்புக்கல்லில் அதன் முகத்தைச் சிதைத்துக்கொள்வாரோ பலர். சுவர் தன்னைக் காட்டி நிற்கும். ஒரு சாண் உயரமும் இல்லாத கல், வண்டி அணுக அணுகப் பானெட்டின் மறைவிற் புகுந்துவிடும்.

இச்சிறு பொருளை யான் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. எந்தையார் சென்னையில் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் புரப்பவர். முன் பம்பர் பிளந்தால் இழப்பு அதன் விலையளவில் ஒழியுமோ? வண்டி பட்டறையில் நிற்கும் நாளெல்லாம் எங்கள் இல்லத்து வருவாயும் நிற்கும். இவ்வாண்டு யான் அவரிடம் வண்டி பயில்கின்றேன். அவர் முதற்கண் கற்பித்தது ஓட்டுதலை அன்று, நிறுத்துதலையே.

எங்கள் வண்டி டிசையர். அதன் அடிப்பாகத்திற்கும் தரைக்கும் இடையே 163 மில்லிமீட்டர் இடைவெளி உண்டென்பது நிறுவனத்தார் கணக்கு. நடைபாதை 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரலாகாது என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012ஆம் ஆண்டில் வகுத்த நெறி. பதின்மூன்று மில்லிமீட்டர் மிச்சம் உண்டே என்று மகிழும் கணிதப் பிரிவு நண்பர் சற்றே பொறுத்தருள்க. நால்வர் ஏறி, டிக்கியிற் பெட்டிகளும் அடுக்கப்பட்டால் சுருள்வில் அமுங்கி வண்டி தாழும். பிரேக்கை மிதிக்குங்கால் மூக்கு மேலும் குனியும். மிச்சம் எங்கே?

சக்கரம் கல்லைத் தொட்டவுடன் நிறுத்துதலே முறை என்பார் உளர். அது பிழை. சக்கரத்துக்கு முன்னேயும் வண்டி நீண்டுள்ளது. டயர் கல்லைத் தொடுமுன்னரே பம்பர் அதன்மேற் சென்றுவிடுமன்றோ?

பெருங்கேடு உட்செல்லும்போது நேர்வதன்று, வெளிவரும்போதே நேர்வது. வணிக வளாகங்களிற் சக்கரத்தைத் தடுக்கப் பதித்துள்ள சிமெண்டுக் கட்டைகளை நோக்குக. பம்பரின் அடியில் தொங்கும் பிளாஸ்டிக் இதழ், உட்செல்லுங்கால் உரசிக்கொண்டு பின்வளைந்து கட்டையைத் தாண்டிவிடும். பொருள் வாங்கியோர் திரும்பி வந்து ஏறியதும் வண்டி தாழ, இதழ் கட்டைக்கு அப்பால் இறங்கிக் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். அஃதறியாது பின்செலுத்தினால், பம்பரைப் பிடித்திருக்கும் சிறு கிளிப்புகள் தெறித்து முகம் முழுவதும் கழன்று வரும்.

சென்னைத் தெருக்களிலோ வேறொரு வஞ்சம் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமலே அதன்மேற் புதுத்தார் இட்டுவந்தமையால், கல் இருந்த இடத்திலிருக்கச் சாலையே உயர்ந்தது. இருநூறு மில்லிமீட்டர்க் கல், முறைக்கு நாற்பதாக மும்முறை தார் ஏறின் எண்பதாகிவிடும். பழைய மேற்பரப்பை அகற்றிய பின்னரே புதுச்சாலை இடவேண்டும் என்று 2021இல் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். எனினும் முன்னமே உயர்ந்த தெருக்கள் பல. ஆகலின் ஒரு தெருவிற் பழகிய கண் அடுத்த தெருவில் ஏமாறும். எந்தையார் தெருவாரியாகக் கல்லின் உயரத்தை நினைவிற் கொண்டுள்ளார். யான் நன்னூற் சூத்திரங்களை அத்துணைத் தெளிவாக நினைவிற் கொண்டிலேன்!

அவர் கற்பித்த உபாயம் எளிது. சமதளத்தில் சுண்ணக்கட்டியாற் கோடு கிழித்து, பம்பர் அக்கோட்டுக்கு நேராக நிற்குமாறு வண்டியை நிறுத்துக. பின் இருக்கையில் அமர்ந்தபடியே, அக்கோடு பக்கக் கண்ணாடியின் எவ்விடத்திற் காண்கிறது என்று குறித்துக்கொள்க. விளிம்புக்கல் அக்குறியை எய்துமுன் நின்றுவிடுக. ஒவ்வொரு வண்டிக்கும் குறி வேறு. ஓட்டுநரின் உயரத்துக்கேற்பவும் வேறுபடும். எந்தையார் குறி எனக்குப் பயன்படவில்லை. ஒலியெழுப்பும் சென்சார் இத்துணைத் தாழ்ந்த கல்லை உணராது போதலும் உண்டு. ஐயமுற்ற இடத்தில், "அம்மா, இறங்கிப் பார், பின்னால் ஹாரன் அடிக்கிறவன் பம்பர் வாங்கித் தரமாட்டான்" என்பார் அவர்.

இதழ் மாட்டிக்கொண்டதாயின் ஆக்ஸிலேட்டரை அழுத்தற்க. ஏறியோரை இறக்குக, வண்டி சிறிது எழும். ஒருவர் பக்கத்தில் நின்று இதழைக் கையால் மேலே தூக்கிப் பிடிக்க, மற்றவர் அங்குலம் அங்குலமாகப் பின்செலுத்துக. அதன்பின் குனிந்து, எத்தனைக் கிளிப்பு விட்டுள்ளது என எண்ணிப் பார்த்து, அன்றே மாட்டிவிடுக.