முன் சக்கரம் தரையை விட்டு எழும்போது

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பஞ்சர் ஒட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். சக்கரத்தைக் கழற்றுவது நமக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. ஆனால் வீட்டில் ஒரு புல்லட் வந்து நின்ற பிறகு அந்தத் துணிவு சற்றே அடங்கிவிடுகிறது. பெட்ரோலும் எண்ணெயும் நிறைந்த நிலையில் 170 கிலோவுக்குக் குறையாத இரும்பை எந்தப் பக்கம் கவிழ்ப்பது?

வடலூரில் மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. நெய்வேலிச் சுரங்கத்திற்கும் அனல்மின் நிலையங்களுக்கும் முறை வேலைக்குச் செல்வோர் விடியலிலும் நள்ளிரவிலும் அதை நம்பியே புறப்படுகின்றனர். கடலூர் - விருத்தாசலம் சாலையும் பண்ருட்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் குறுக்கிடும் நாற்சந்தி நம் ஊர். கனத்த லாரிகளுக்கு இடையே, பின்னால் மனைவியும் முன்னால் குழந்தையுமாக ஒருவர் செல்லும்போது, அந்தக் குடும்பத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் முன் சக்கரத்தையும் அதைத் திருப்பும் கழுத்தையும் சார்ந்தே இருக்கிறது. தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையைச் சுற்றி வரிசையாக நிற்கும் வண்டிகளைக் காணுந்தோறும், இவற்றுள் எத்தனை வண்டிகளின் கழுத்தை அண்மையில் ஒருவர் சோதித்திருப்பார் என்ற எண்ணம் நமக்கு எழுவதுண்டு. விழாவில் நினைக்கத்தக்க நினைவா இது என்று வீட்டில் கேட்கிறார்கள்!

மெக்கானிக்குகள் ‘கோன்செட்’ என்று சொல்வது இந்தக் கழுத்தின் பேரிங்குகளைத்தான். இதில் தேய்மானம் இருப்பதை ஓட்டும்போதே ஓரளவு உணரலாம்; பிரேக் பிடித்தால் கைப்பிடியில் ‘டொக்’கென்று ஓர் அதிர்வு வரும். ஆயினும் உறுதியாக அறிய முன் சக்கரம் தரையை விட்டு எழுந்தாக வேண்டும். எழுந்தபின் ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் கழுத்து தளர்ந்துள்ளது. பிறகு ஹேண்டில்பாரை மெல்ல இருபுறமும் திருப்ப வேண்டும். நடுவில் பள்ளத்தில் விழுந்தாற்போல் ஓரிடத்தில் நின்று நகர்ந்தால், குண்டுகள் ஓடும் வளையங்களில் குழி விழுந்துவிட்டது என்று பொருள். இறுக்கிப் பயனில்லை, மாற்றவே வேண்டும்.

சரி, எப்படித் தூக்குவது? நடு ஸ்டாண்டில் நிறுத்தினால் புல்லட்டின் பின் சக்கரமே தரையை விட்டு எழும். முன் சக்கரம் தரையில் ஊன்றி நிற்கும். எஞ்சினுக்கு அடியில் முன்புறமாக ஜாக்கியை வைத்து மெல்ல உயர்த்தினால், வண்டி ஸ்டாண்டின் மேல் தராசுபோல் சாய்ந்து பின் சக்கரம் தரையில் அமரும், முன் சக்கரம் எழும். சோதனைக்கு ஒரு விரல் உயரமே போதும். சக்கரத்தைக் கழற்றுவதானால் மூன்று நான்கு விரல் உயரம் வேண்டும். அதற்குமேல் உயர்த்துவது வீண் ஆபத்து.

இங்கே நம் ஊர் மண்ணைப் பற்றி ஒரு சொல். நம் செம்மண்ணும் மணலும் முந்திரிக்கு உகந்தவை. ஸ்டாண்டின் கால்களுக்கு உகந்தவை அல்ல. ஒரு கால் மட்டும் சற்றே புதைந்தாலும் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சிமெண்டுத் தரை இல்லாதவர் தடித்த பலகையொன்றை இரண்டு கால்களுக்கும் சேர்த்து அடியில் இட வேண்டும்.

மற்றோர் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டி முன்னோக்கி உருண்டால் நடு ஸ்டாண்டு தானாகவே பின்னால் மடங்கிவிடும். அதன் அமைப்பே அப்படி. இறுகிய நட்டை ஸ்பேனர் போட்டு இழுக்கும் ஓர் இழுப்பு போதும். ஆதலால் ஸ்டாண்டை வண்டிச் சட்டத்தின் முன் கம்பியோடு கயிற்றால் இறுகக் கட்டிவிடுவது நம் வழக்கம். வண்டியைக் கியரில் விட்டு, பின் சக்கரத்திற்கு இருபுறமும் கட்டை கொடுக்கிறோம். இறுகிய நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிடுகிறோம். பெட்ரோல் குழாயையும் மூடிவிடுகிறோம்.

ஜாக்கி இரும்பு, எஞ்சினின் அடிப்பாகமோ அலுமினியம். இரண்டிற்கும் நடுவே அகன்ற மரக்கட்டை ஒன்று இருந்தே தீர வேண்டும். எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் மீதும் புகைக் குழாயின் மீதும் பாரம் விழலாகாது. ஜாக்கி ஒன்றையே நம்பியும் இருக்கலாகாது. உயர்த்திய பின் பக்கத்திலேயே கட்டைகளை அடுக்கிக் காவல் தாங்கல் கொடுக்க வேண்டும்.

அண்டை வீட்டு நண்பர் ஒருவர் கட்டைக்குப் பதிலாகச் செங்கற்களை அடுக்கினார். “வேண்டாம் தம்பி” என்றோம். “அண்ணே, வீட்டையே தாங்குற கல்லு, வண்டியைத் தாங்காதா?” என்றார். வீட்டுச் சுவரில் பாரம் பரவி இறங்குகிறது; இங்கோ ஒரு முனையில் குவிந்தது. கல் பிளந்தது, வண்டி சாய்ந்தது, கிளட்ச் கைப்பிடி முறிந்தது. நண்பர் தண்ணீர் குடிக்க எழுந்து சென்றிருந்த நேரம் அது. சற்று முன்னர்வரை அவருடைய முழங்கால் இருந்த இடத்தில் பெட்ரோல் டாங்க் கிடந்தது. அன்று முதல் அவர் வீட்டில் புளியமரக் கட்டைகள் இரண்டு இருக்கின்றன.

மேலிருந்து கட்டுவதும் நல்ல காவலே. தாழ்வாரத்தில் வைரம் பாய்ந்த பனங்கை இருந்தால், தாம்புக்கயிற்றால் சட்டத்தின் கழுத்தைத் தளர்வின்றிக் கட்டி வைக்கலாம். ஹேண்டில்பாரில் கட்டினால் அது திரும்பும்போது வண்டியும் திரும்பும். கயிறு தூக்குவதற்கன்று, விழாமல் பிடிப்பதற்கே. மூங்கில் கழியை நம்ப வேண்டாம்.

முன் சக்கரம் கழன்று கிடக்கையில் பிரேக் கைப்பிடியை எவரும் அழுத்தக் கூடாது. டிரம் பிரேக்கில் கேடு சிறிது. இன்றைய டிஸ்க் பிரேக்கிலோ பேடுகள் நெருங்கி, சக்கரத்தை மீண்டும் நுழைக்க விடா. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அவர்களுக்கு அந்தக் கைப்பிடியின் மேல்தான் கண்.

இறக்கும்போதும் இருவர் தேவை. ஒருவர் பின்னிருக்கையை அழுத்திப் பிடிக்க, மற்றவர் காவல் கட்டைகளை அகற்றி ஜாக்கியைச் சிறிது சிறிதாகத் தாழ்த்த வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டதும் ஃபோர்க்கை நான்கைந்து முறை அமுக்கிவிட்டு, அதன்பின் ஆக்சில் நட்டுகளை முழுமையாக இறுக்க வேண்டும். பிரேக்கை இரண்டு மூன்று முறை பிடித்துப் பார்த்து, ஸ்டாண்டின் கயிற்றை அவிழ்த்து, தெருமுனைவரை மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே வண்டியை இரவு முறைக்குச் செல்பவரிடம் கொடுக்கிறோம்.